சத்தம் முன்னால், செலவு பின்னாலா?

கேள்வி: மண்டபத்தில் இருக்கிறேன். 2011 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம். பத்து நிமிடம் ஓடினால் அடங்கிவிடுகிறது. பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது அடியில் தகரம் அதிர்வதுபோல இன்னொரு சத்தம். ஒர்க்‌ஷாப்பில், “சைலன்சர் செட் முழுசா போச்சு, 18,000 ஆகும்” என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் சொல்வது இரண்டு சத்தம். சைலன்சர் இருப்பது வண்டியின் பின்பக்கம். காலைச் சத்தமோ முன்னால் கேட்கிறது.

குளிர்ந்திருக்கும்போது கேட்டு, சூடானதும் மறைகிற ‘டக் டக்’குக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, அதாவது இன்ஜினிலிருந்து வரும் புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் இரும்புப் பாகத்தை. அதன் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் போயிருக்கலாம், அல்லது மேனிஃபோல்டிலேயே மயிரிழை விரிசல் இருக்கலாம். இரும்பு சூடேறி விரியும்போது இடைவெளி மூடிக்கொள்ளும், சத்தமும் நின்றுவிடும். ஆயில் குறைந்தால் வரும் டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தமும் இதே மாதிரி ஏமாற்றும் என்பதால் முதலில் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து அளவைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போது மேனிஃபோல்டு இணைப்புகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். புகை கசிந்த இடத்தில் மை தீட்டியதுபோல் கரிக்கோடு இருக்கும்.

இன்னொரு சோதனை: திறந்த வெளியில், வண்டி குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த துணியை மடித்து டெயில் பைப்பை இரண்டு மூன்று விநாடி ஒருவர் அடைத்துப் பிடிக்கட்டும். கையில் கிளவுஸ் கட்டாயம். கசிவு இல்லையென்றால் துணியைத் தள்ளும் அழுத்தம் நன்றாகத் தெரியும். எங்காவது ஓட்டை இருந்தால் அங்கிருந்து ‘புஸ்’ என்று கேட்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். பள்ளம் உள்ள ஒர்க்‌ஷாப்பில் பாருங்கள்.

தகர அதிர்வுக்குப் பெரும்பாலும் ஹீட் ஷீல்டுதான் காரணம். சைலன்சர் குழாயின் சூடு மேலே ஏறாமல் தடுக்கும் மெல்லிய தகடு, உப்புக்காற்று முதலில் தின்பது அதைத்தான். எனக்கும் இப்படி நடந்தது: சைலன்சரையே மாற்றினேன், அதே சத்தம் மறுநாளும். கடைசியில் ஒரு பெரிய கிளாம்பு போட்டு ஷீல்டை இறுக்கியதும் அடங்கியது. பழைய சைலன்சர் நல்லதாகவே இருந்திருக்கும், எடைக்குப் போட்டாயிற்று. சைலன்சரைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர் அறுந்திருந்தாலும் பள்ளத்தில் ‘டொக்’ என்று இடிக்கும். அதற்கும் சின்னச் செலவுதான். ஆறிய சைலன்சரை முஷ்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே உடைந்த துண்டுகள் சலசலத்தால் மட்டுமே மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

காருக்குள் புகை வாடை அடித்தாலோ, ஏசி போட்டு ஓட்டும்போது தலை கனத்தாலோ இந்தச் சோதனையெல்லாம் அப்புறம். கண்ணாடியை இறக்கிவிட்டு நேரே ஒர்க்‌ஷாப் போங்கள். புகையில் உள்ள விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

எதை மாற்றினாலும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விலை போட்டு எஸ்டிமேட் எழுதி வாங்குங்கள். ‘செட்’ என்ற ஒற்றை வரிக்குப் பணம் தராதீர்கள். அந்தச் செட்டில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் அடக்கமா என்று கேளுங்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. பழசுக்கே நல்ல விலை உண்டு. கழற்றியதைத் திருப்பி வாங்குங்கள், இல்லையென்றால் அதன் மதிப்பை பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். பில் கையில் இருந்தால்தான், மாற்றியும் சத்தம் நிற்காதபோது நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேச முடியும்.

தனுஷ்கோடிப் பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால், வந்ததும் அடிப்பகுதியில் தண்ணீர் அடிப்பது நல்லது. நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், உப்பு போர் தண்ணீர் அடித்தால் பலனில்லை. குடிக்கவே குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊரில் இதைச் சொல்வது எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். மழைநாளில் வண்டி ஓடிவந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: தேவிபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். சைலன்சர் அடியில் சின்ன ஓட்டை. காலையில் அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வெல்டிங் வைத்து அடைக்கலாமா?

பதில்: வட்டமாக, ஓரம் சுத்தமாக, பென்சில் முனை அளவில் இருந்தால் அது கம்பெனியே வைத்த வடிகால். அடைக்காதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். கடைத்தெரு வரை போய்த் திரும்பும் வண்டியில் சைலன்சர் சூடாவதற்குள் பயணம் முடிந்துவிடும், ஆவி உள்ளேயே தண்ணீராகத் தேங்கும். வடிய வழி இல்லாவிட்டால் உள்ளிருந்தே துரு ஏறும். ஓரம் பொரிந்து, விரலால் அழுத்தினால் உதிர்கிற ஓட்டை என்றால் அது துருதான். சுற்றியுள்ள தகடு கெட்டியாக இருந்தால் மட்டுமே ஒட்டுப் போட்டு வெல்டிங் நிற்கும். அதற்கு முன் பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் சில நூறு ரூபாய் வேலைக்குப் போய் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவைப் பறிகொடுத்து வருவீர்கள்.