தனிக் கோப்பு, தனிக் காரணம்: நாடு கடத்தல் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: ரயில் நிலையத்தில் எங்கள் நிறத்தவர்களை மட்டும் நிறுத்தி ஆவணம் கேட்கிறார்கள். காட்ட மறுத்தால் என்ன?

பதில்: மறுக்காதீர்கள். ஆவணம் காட்ட மறுப்பது பல நாடுகளில் தனிக் குற்றம். பாகுபாட்டுப் புகார் பின்னுக்குப் போய், அந்தக் குற்றம் முன்னால் வந்து நின்றுவிடும். காட்டிவிட்டு, "எந்தச் சட்டப்படி, என்ன சந்தேகத்தில் என்னை நிறுத்தினீர்கள்?" என்று ஒரே ஒரு முறை, குரலை உயர்த்தாமல் கேளுங்கள். வந்த பதிலை அதே சொற்களில் அன்றே எழுதி வையுங்கள். நேரம், நடைமேடை எண், அதிகாரியின் சீருடை எண், சுற்றி இருந்தவர்களில் யாரைக் கேட்டார்கள், யாரை விட்டார்கள் என்பதும் வேண்டும். பலர் எழுத மறப்பது இந்தக் கடைசி விவரத்தைத்தான். பாகுபாட்டை நிரூபிப்பதும் அதுதான்.

1992-இல் ஸ்பெயினின் வல்லடோலிட் ரயில் நிலையத்தில், கணவரோடும் மகனோடும் வந்திறங்கிய கறுப்பினப் பெண் ஒருவரிடம் மட்டும் போலீஸ் அடையாள அட்டை கேட்டது. அவர் ஸ்பானியக் குடியுரிமை பெற்றவர். வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போய், 2009-இல் அவர் பக்கம் முடிந்தது. குடிவரவுச் சோதனை செய்யலாம், ஆனால் தோற்றத்தை மட்டும் வைத்து ஆளைப் பொறுக்கி எடுப்பது பாகுபாடு என்றது குழு. அருகில் இருந்த வேறு யாரிடமும் கேட்கவில்லை, அவரைக் கேட்டதற்கு அவர் தோற்றத்தையே அதிகாரி காரணமாகச் சொன்னார் என்ற இரண்டையும் கடைசிவரை யாரும் மறுக்கவில்லை.

கேள்வி: வேலை இடத்திலிருந்து எங்கள் நாட்டவர் எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றிப் போனார்கள். புரியாத மொழியில் ஒரு தாளைக் கொடுத்து என் தம்பியிடம் கையெழுத்துக் கேட்கிறார்களாம். அவனுக்கு விசா முடிந்துவிட்டது. இனி என்ன உரிமை இருக்கிறது?

பதில்: விசா முடிந்தவர் என்பதால் அவர் கூட்டத்தில் ஒருவராகிவிடமாட்டார். கூட்டாக நாடு கடத்துவதை ஐரோப்பிய, அமெரிக்கக் கண்ட, ஆப்பிரிக்க மனித உரிமை ஒப்பந்தங்கள் மூன்றும் தடை செய்கின்றன. 1990-ஆம் ஆண்டின் ஐ.நா. குடியேற்றத் தொழிலாளர் உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. எத்தனை பேரை அனுப்பினார்கள் என்பதல்ல கேள்வி. ஒவ்வொருவரின் நிலைமையையும் தனியாகப் பார்த்தார்களா என்பதுதான்.

அப்படிப் பார்க்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில் 1999-இல் நடந்ததைப் பாருங்கள். ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த, ரோமா என்ற சிறுபான்மை இனக் குடும்பங்களுக்குப் போலீஸ் நிலையத்திலிருந்து கடிதம் போனது. புகலிடக் கோப்பை முழுமைப்படுத்த வரவேண்டும் என்று எழுதியிருந்தது. நம்பிப் போனவர்களை அங்கேயே பிடித்து, சில நாட்களில் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். மேல்முறையீடு பற்றிய தகவல் அவர்களுக்குப் புரியாத மொழியில், பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. அத்தனை குடும்பங்களுக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒரே ஒருவர். சோன்கா வழக்கு எனப்படும் இதில் 2002-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பெல்ஜியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

நீதிமன்ற உத்தரவு இருந்துவிட்டால் மட்டும் போதாது என்பதை ரஷ்ய வழக்கு காட்டியது. 2006 இலையுதிர்காலத்தில் ரஷ்யா ஆயிரக்கணக்கான ஜார்ஜியர்களைப் பிடித்து வெளியேற்றியது. பலருக்கு நீதிமன்ற உத்தரவு இருந்தது. ஆனால் விசாரணை வெறும் சடங்காக நடந்ததால், 2014-இல் அதே ஐரோப்பிய நீதிமன்றம் அதைக் கூட்டு வெளியேற்றம் என்றது. 2019-இல் 1 கோடி யூரோ இழப்பீடு விதித்தது.

தம்பி விஷயத்துக்கு வருவோம். அந்தத் தாளில் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் கலந்திருக்கும்: உத்தரவைப் பெற்றுக்கொண்டேன், சுயவிருப்பத்தில் போகிறேன், மேல்முறையீடு செய்யமாட்டேன். முதலாவது வெறும் ரசீது. மற்ற இரண்டும் உரிமையை விட்டுக்கொடுப்பவை. மொழிபெயர்ப்பாளர் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். வற்புறுத்தினால், கையெழுத்துக்கு மேலே தன் மொழியில் "எனக்குப் புரியவில்லை, ஒப்புக்கொள்ளவில்லை, மேல்முறையீடு செய்ய விரும்புகிறேன்" என்று எழுதித் தேதியும் நேரமும் போடட்டும். மேல்முறையீட்டுக் கெடு அந்த நிமிடத்திலிருந்தே ஓடத் தொடங்கும், சில இடங்களில் அது மணிக்கணக்குதான். தாளின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மேல்முறையீடு போட்டாலே பயணம் நின்றுவிடும் என்று இருந்துவிட வேண்டாம். பல நாடுகளில் தடையாணைக்குத் தனி மனு தேவை. எத்தனையோ பேரை விமானத்தில் ஏற்றியது இந்தத் தவறான நம்பிக்கைதான்.

நீங்கள் வெளியிலிருந்து தேடும்போது, பெயர் பதிவில் இல்லை என்று சொன்னவுடன் திரும்பிவிடாதீர்கள். பெயரும் தந்தை பெயரும் இடம் மாறியிருக்கும், எழுத்துக்கூட்டல் பிசகியிருக்கும். பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவர் ஏழு மாதமாகத் தடுப்பு முகாமில் இருக்கிறார். எப்போது அனுப்புவார்கள், எப்போது விடுவார்கள் என்று யாருமே சொல்வதில்லை.

பதில்: குடிவரவுத் தடுப்புக் காவல் தண்டனை அல்ல. அனுப்புவதற்காக மட்டுமே வைத்திருக்கலாம். அனுப்ப வழியில்லை என்றால் வைத்திருக்கக் காரணமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 ஆணை 6 மாதம், சில சூழல்களில் கூடுதலாக 12 மாதம் என்று வரம்பு வைத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல், வெளியேற்ற உத்தரவு இறுதியானபின் 6 மாதத்தை ஓர் அளவுகோலாக வைத்தது. எண்ணிக்கையில் வரம்பு இல்லாத நாட்டிலும், காவல் சட்டப்படியானதா என்று நீதிமன்றத்தைக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. குடிமை, அரசியல் உரிமைகள் ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவு அது.

மாதம் ஒருமுறை எழுத்தில் கேளுங்கள்: பயண ஆவணத்துக்குத் தூதரகத்தை எந்தத் தேதியில் கேட்டீர்கள், பதில் என்ன, அடுத்த மறுஆய்வு எப்போது? பதில் வராத கடிதங்களையும் அடுக்கி வையுங்கள். அனுப்ப யாரும் முயலவில்லை என்பதற்கு அவைதான் சாட்சி. தன்னிச்சையான தடுப்புக் காவலுக்கான ஐ.நா. பணிக்குழுவுக்கும் அவர் சம்மதத்தோடு குடும்பத்தினரே எழுதலாம். உள்நாட்டு வழிகள் எல்லாம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த நாடு எந்த ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறது என்பதும் தடையல்ல. வழக்கறிஞர்களே இந்த வாசலை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: பிடிபட்டால் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டுமா?

பதில்: அது உங்கள் விருப்பம். தூதரக உதவி பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவுப்படி இந்த உரிமையை உங்களுக்கு உடனே சொல்ல வேண்டியது அதிகாரிகளின் கடமை. புகலிடம் கேட்பவர் என்றால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். யாரிடமிருந்து தப்பி வந்தீர்களோ அவர்களுக்கே முகவரி கொடுத்தது போலாகிவிடும்.

கேள்வி: முதலாளி பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நான்கு மாதச் சம்பளமும் தரவில்லை. நாடு கடத்தினால் பணம் போனதுதானா?

பதில்: போகாது. 1990 உடன்படிக்கைப்படி, அதிகாரம் பெற்ற அரசு அலுவலர் தவிர வேறு யாரும் பாஸ்போர்ட்டைப் பறிமுதல் செய்யக் கூடாது. வெளியேற்றத்துக்கு முன்போ பின்போ சம்பளப் பாக்கியைக் கோர நியாயமான வாய்ப்பும் தர வேண்டும். குடியேற்றத் தொழிலாளர்களை அதிகம் ஏற்கும் பணக்கார நாடுகள் பெரும்பாலும் இந்த உடன்படிக்கையில் சேரவில்லை, உண்மைதான். அங்கே தொழிலாளர் சட்டத்தின் வழியே போக வேண்டும். புறப்படுமுன் வருகைப் பதிவு, வேலை ஒப்பந்தம், சம்பளம் வந்த வங்கி விவரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வெளியில் ஒருவரிடம் அனுப்பி, ஒரு வழக்கறிஞருக்கு அதிகாரப் பத்திரமும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நாளை இரவு விமானம். திரும்பிப் போனால் சித்திரவதை நிச்சயம். ஏதாவது வழி?

பதில்: இருக்கிறது, ஆனால் கையில் இருப்பது சில மணி நேரம்தான். சித்திரவதை ஆபத்து உள்ள நாட்டுக்கு அனுப்பக் கூடாது என்ற தடைக்கு விதிவிலக்கே இல்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 3-ஆம் பிரிவு அது. உள்நாட்டு நீதிமன்றத்தில் அவசரத் தடையாணை மனுவை முதலில் போடுங்கள். அது மறுக்கப்பட்டால், தனிநபர் புகாரை அந்த நாடு ஏற்றிருக்கும் பட்சத்தில் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழுவிடம் இடைக்கால நடவடிக்கை கேளுங்கள். ஐரோப்பிய கவுன்சில் (ஐரோப்பிய ஒன்றியம் அல்ல, அதைவிடப் பெரிய அமைப்பு) நாடு என்றால், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 39-ஆம் விதிப்படி அதே இடைக்கால நடவடிக்கையை அங்கே கேளுங்கள்.

மனுவின் முதல் பக்கத்திலேயே விமான எண், புறப்படும் நேரம், அடைத்து வைத்திருக்கும் இடம் மூன்றும் இருக்கட்டும். வெளியேற்ற உத்தரவின் நகலும், மறுத்த தீர்ப்பின் நகலும் சேர்ந்தே போக வேண்டும். "என் நாட்டில் நிலைமை மோசம்" என்ற பொதுவான வரி உதவாது. உங்களுக்கு என்ன நடந்தது, யாரால், எந்தத் தேதியில், உடம்பில் தழும்பு எங்கே, எந்த மருத்துவர் பார்த்தார் என்று எழுதுங்கள்.