‘ன்’னுக்கு ஒரு தண்டனை, ‘ர்’ருக்கு ஒரு தண்டனை

கேள்வி: நிதி முறைகேட்டில் சிக்கிய தொழிலதிபர்களுக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் 25 ஆண்டு, 150 ஆண்டு என்று சிறைத் தண்டனை விதிக்கின்றன. அவர்கள் யாரையும் கொல்லவில்லை, படித்தவர்கள், முதல் முறையாகத் தவறியவர்கள். இதில் நியாயம் இருக்கிறதா?

பதில்: ‘முறைகேடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய பகை. முறை என்று ஒன்று இருந்ததாம், அது கெட்டுப்போனதாம், மூட மறந்த பால் மாதிரி. கெடுத்தவர் யார் என்று தேடினால் அந்தச் சொல்லுக்குள் ஆளே இல்லை. ‘திருட்டு’ என்று எழுதிப் பாருங்கள், உடனே ஒரு திருடன் வந்து நிற்பான். அதிலும் நீங்கள் ‘சிக்கிய’ என்கிறீர்கள். தானியம் பொறுக்க வந்த புறாவா அவர்?

இலக்கணமும் இதற்கு உடந்தை. சைக்கிள் திருடியவன் பிடிபடுகிறான். வங்கியைச் சுரண்டியவர் கைதாகிறார். எங்கள் இதழில் மெய்ப்புத் திருத்துபவரோடு இதற்காகப் பல வருடமாகச் சண்டை. பை பறித்தவனுக்கு நான் ‘ர்’ போட்டால் அவர் ‘ன்’ ஆக்கிவிடுவார். நிறுவனத் தலைவருக்கு நான் ‘ன்’ போட்டால் ‘ர்’ ஆகிவிடும். எத்தனை கோடியிலிருந்து ‘ர்’ தொடங்குகிறது என்று ஒருநாள் கேட்டேன். “குற்றம் நிரூபணமாகும் வரை மரியாதை தரவேண்டும்” என்றார். நிரூபணமான பிறகு? “கை பழகிவிட்டது.”

அந்தஸ்தும் பதவியும் உள்ளவர்கள் தொழில் வழியே செய்யும் குற்றத்துக்கு ‘வெள்ளைக் காலர் குற்றம்’ என்ற பெயரை 1939இல் சூட்டியவர் எட்வின் சதர்லாண்ட் என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர். 1949இல் அதைப் புத்தகமாக்கியபோது பதிப்பாளர் பயந்துபோய் நிறுவனங்களின் பெயர்களை நீக்கவைத்தார். பெயர்களோடு கூடிய முழுப் பதிப்பு வர 1983 ஆயிற்று. அதற்குள் ஆசிரியர் காலமாகி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பெட்டிக்கடையில் கைவைத்தவன் பெயரை மறைக்க எந்தப் பதிப்பாளராவது மெனக்கெட்டதுண்டா?

சரி, கேள்விக்கு வருகிறேன். 150 ஆண்டு அபத்தம்தான். முதலீட்டாளர்களின் பணத்தைச் சுருட்டிய பெர்னார்ட் மேடாஃபுக்கு 2009இல் அது விதிக்கப்பட்டபோது வயது 71. நன்னடத்தைக்கான கழிவெல்லாம் போக 2139 நவம்பரில் விடுதலை என்று சிறைத்துறை கணக்கு வைத்திருந்தது. மனிதர் 2021இலேயே இறந்துவிட்டார். அந்த நாட்டின் தண்டனை வழிகாட்டியில் நட்டத்தொகை ஏற ஏறத் தண்டனைப் படியும் ஏறும் அட்டவணை ஒன்று உண்டு. 55 கோடி டாலரைத் தாண்டினால் 30 படி. அதற்கு மேல் எத்தனை ஆயிரம் கோடி அடித்தாலும் அதே 30தான். மொத்தக் கொள்முதலுக்குச் சலுகை!

நீங்கள் சொல்லும் 25 ஆண்டு, எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனத்தை நடத்திய சாம் பேங்க்மன் ஃபிரைடுக்கு 2024இல் கிடைத்தது. வாடிக்கையாளர் பணம் 800 கோடி டாலர் போன வழக்கு. எல்லாருக்கும் பணம் திரும்பக் கிடைத்துவிடும், ஆகவே நட்டமே இல்லை என்று அவர் தரப்பு வாதாடியது. திருடிய பணத்தை லாஸ் வேகாஸில் சூதாடி ஜெயித்துத் திருப்பிக் கொடுத்தால் தண்டனையில் தள்ளுபடி கிடையாது என்றார் நீதிபதி. அவருக்குத் திருட்டு என்ற சொல் தெரிந்திருக்கிறது.

அதே 25 ஆண்டு இன்னொருவருக்கும் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் ஒருவர் தலா 399 டாலர் விலையுள்ள கோல்ஃப் மட்டைகள் மூன்றைக் கால்சட்டைக்குள் ஒளித்து நொண்டிக்கொண்டு போனார். பழைய குற்றங்கள் இருந்ததால் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. உச்ச நீதிமன்றம் 2003இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைச் சரி என்றது. அவரும் யாரையும் கொல்லவில்லை. அவருக்காக நீங்கள் எனக்கு அப்போது கடிதம் எழுதவில்லை. 

‘முதல் முறை’ என்கிறீர்களே, மேடாஃபின் மோசடி பல ஆண்டுகள் நடந்தது. முதல் முறையாக நடந்தது பிடிபட்டதுதான். நற்சான்றுக் கடிதங்களையும் மறக்கவேண்டாம். இரத்தப் பரிசோதனை நிறுவனம் நடத்தி முதலீட்டாளர்களை ஏமாற்றிய எலிசபெத் ஹோம்ஸுக்காக 2022இல் நீதிபதிக்கு 130க்கும் மேல் போயின, ஒரு செனட்டர் எழுதியது உட்பட. (11 ஆண்டு 3 மாதம் கிடைத்தது.)

கோவலனுக்கு எழுத யார் இருந்தார்கள்? விசாரணையும் இல்லை. அரண்மனைச் சிலம்பை அமுக்கிய பொற்கொல்லனோ நூறு பேர் பின்தொடர வருகிறான், அதுவும் ‘மெய்ப்பை புக்கு’. மெய்ப்பை என்றால் சட்டை. காலர் இருந்ததா என்று உரையாசிரியர்கள் சொல்லவில்லை. பிற்பாடு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலிகொடுத்தார்கள், அமுக்கியவன் ஒருவன். எண்ணைப் பெரிதாக்கிக் கணக்கை முடிக்கும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

ஒன்றுக்காக இளங்கோவை வணங்குகிறேன். அத்தனை செல்வாக்குள்ள ஆளை அவர் ‘கொல்லன்’ என்றே எழுதுகிறார், ‘ன்’ போட்டு. பக்கத்தைப் பிரித்து மெய்ப்புத் திருத்துபவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அது செய்யுள் ஐயா” என்றார்.