லைடார் டிஇஎம் ஒன்றே போதுமா?

கேள்வி: ஒரு கடலோரப் பகுதிக்கு ஐந்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு லைடார் (விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி உயரம் அளக்கும் முறை) தரவுத் தொகுதிகள் கிடைத்துள்ளன. லேசர் பட்ட புள்ளிகள் அடங்கிய எல்ஏஇசட் கோப்புகளும், ஒரு மீட்டர் கட்டங்களில் தரை உயரத்தைக் காட்டும் டிஇஎம்மும் (எண்முறை உயர மாதிரி) இருக்கின்றன. மணல் அரிப்பு, பின்னால் உள்ள காட்டின் மர உயரம், ஓடையின் பாதை மூன்றையும் டிஇஎம்மை வைத்தே பார்த்துவிடலாமா?

பதில்: காட்டுக்கு முடியாது. மற்ற இரண்டுக்கும் முடியும், ஆனால் அப்படியே எடுத்துப் போட்டால் தவறான விடைதான் வரும்.

விமானத்திலிருந்து வரும் ஒரே லேசர் துடிப்பு இலையில் கொஞ்சம், கிளையில் கொஞ்சம், மிச்சம் தரையில் பட்டுத் திரும்பும். டிஇஎம் தயாரிப்பவர்கள் தரை என்று வகைப்படுத்திய புள்ளிகளை (எல்ஏஎஸ் என்ற லைடார் கோப்பு வடிவத்தின் வகைப்பாட்டில் எண் 2) மட்டும் வைத்துக்கொள்வார்கள். மரங்கள் அதில் இல்லவே இல்லை. எனவே எல்ஏஇசட் கோப்பைத் திறந்து, முதல் ரிட்டர்ன்களை (ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் திரும்பி வந்தவற்றை) வைத்து மேற்பரப்பு மாதிரி செய்து, அதிலிருந்து தரையைக் கழியுங்கள். வருவதுதான் மர உயரம். கூம்பு வடிவ மரங்களின் நுனியில் லேசர் சரியாகப் படுவது அபூர்வம் என்பதால் உயரம் சற்றுக் குறைவாகவே வரும். அடர்ந்த காட்டில் தரைப் புள்ளிகள் எத்தனை விழுந்திருக்கின்றன என்றும் பாருங்கள். புள்ளி இல்லாத இடத்தில் டிஇஎம் காட்டும் தரை வெறும் இடைக்கணிப்பு, அதாவது சுற்றியுள்ள புள்ளிகளிலிருந்து ஊகித்தது.

கடற்கரைக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். இரண்டு டிஇஎம்களைக் கழிப்பதற்கு முன், இரண்டின் உயர அடிப்படையும் ஒன்றுதானா என்று மெட்டாடேட்டாவில் (தரவோடு வரும் விவரக் குறிப்பில்) பாருங்கள். ஒன்று நீள்வட்டத் திண்ம உயரம் (புவிக்கு ஒப்பான கணித வடிவத்திலிருந்து அளந்தது), மற்றது கடல்மட்ட உயரம் என்றால் வித்தியாசம் பல மீட்டர் வரும், உடனே கண்ணில் பட்டுவிடும். ஆபத்தானது, கடல்மட்ட உயரத்தைக் கணக்கிடப் பயன்படும் ஜியாய்டு மாதிரியின் பதிப்பு மாறியிருப்பது. சில சென்டிமீட்டர்தான் நகரும், பார்த்தால் அசல் அரிப்பு போலவே இருக்கும். இதைப் பிடிக்க எளிய வழி: அருகில் புதிதாகப் போடப்படாத தார்ச்சாலையோ கான்கிரீட் தளமோ இருந்தால் அங்கே கழித்துப் பாருங்கள். பூஜ்ஜியம் வரவேண்டும். சராசரியாக 8 செ.மீ. வந்தால் அந்த 8 செ.மீ. மணலிலும் ஒளிந்திருக்கிறது. ஒரு கிலோமீட்டர் நீளம், 50 மீட்டர் அகலமுள்ள கரையில் அது 4,000 கன மீட்டர் பொய் மணல்!

தற்செயல் பிழை வேறு. இரண்டு தரவிலும் செங்குத்துப் பிழை 10 செ.மீ. என்றால், வித்தியாசத்தில் அது சுமார் 14 செ.மீ. ஆகும். தனித்தனிக் கட்டங்களில் அதன் இரு மடங்கான 28 செ.மீ.க்குக் குறைவான மாற்றத்தை நான் நம்பமாட்டேன். பருவமும் முக்கியம். புயலில் கரையோர நீருக்குள் போன மணலில் பெரும்பகுதி அமைதியான மாதங்களில் திரும்பி வந்துவிடும். ஒன்று புயலுக்குப் பின், மற்றது அமைதிக் காலத்தில் எடுத்தது என்றால் ஐந்தாண்டு அரிப்பைப் பற்றி அந்த ஒப்பீடு எதுவும் சொல்லாது. கரைக்கோட்டைத் தண்ணீர் விளிம்பில் வரையாதீர்கள், அது அன்றைய ஓதத்தைப் பொறுத்தது. ஒரு குறிப்பிட்ட உயரத்தின் சமஉயரக் கோட்டை இரண்டு ஆண்டுக்கும் எடுங்கள்.

ஓடைக்கு வருவோம். வழக்கமான 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே நீருக்கடியில் உள்ள படுகை உங்கள் டிஇஎம்மில் கிடையாது. அதற்கு 532 நானோமீட்டர் பச்சை லேசர் வேண்டும், அதுவும் தெளிந்த நீரில்தான் எடுபடும். பாதையை மட்டும் பார்க்க இருக்கிற தரவே போதும். ஆனால் சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம் இருப்பது விமானத்துக்குத் தெரியாது. டிஇஎம்மில் சாலை ஒரு அணையாகவே நிற்கும். மென்பொருளின் பள்ளம் நிரப்பும் கருவியை (நீர் வெளியேற வழியில்லாத பள்ளங்களின் உயரத்தை ஏற்றுவது) ஓட்டினால் சாலைக்கு மேற்புறம் தட்டையான ஏரி ஒன்று முளைக்கும். ஓடை சாலையோரமாகவே ஓடி, தாழ்வான ஓரிடத்தில் தாண்டும். மேடுபள்ளங்களை ஒளி-நிழலாகக் காட்டும் ஹில்ஷேட் படத்தில் ஓடைப் பள்ளம் சாலையின் இருபுறமும் நேருக்கு நேர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தில் சாலையின் குறுக்கே ஒரு கோடு வரைந்து, அதன் மேலுள்ள கட்டங்களின் உயரத்தை ஓடை மட்டத்துக்கு இறக்குங்கள். பள்ளம் நிரப்புவது அதற்குப் பிறகுதான்.