வாசகர் கேள்வி – பதில்: கப்பல்களைச் சூரியனுக்குள் அனுப்பியது சரியா?

அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களுள் எதன் முடிவு உங்களுக்குக் கோபமூட்டியது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘பட்டில்ஸ்டார் கலக்டிகா’ என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தேன். அதை ஆதரித்தும் கண்டித்தும் வன்னியின் பல மூலைகளிலிருந்து கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை அரசியலையும் சினிமாவையும் ஒத்திவைத்து, பகுதி முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்குகிறேன்.

தொடரைப் பாராதவர்களுக்குக் கதை இதுதான். மனிதர் படைத்த, பின்னர் மனித உருவும் எடுத்த சைலன்கள் என்னும் இயந்திரங்கள், பன்னிரண்டு கோள்களில் வாழ்ந்த மனித குலத்தைத் திடீரெனத் தாக்கி அழிக்கின்றன. எஞ்சிய ஐம்பதாயிரம் பேரளவிலானோர் கலக்டிகா என்ற பழைய போர்க்கப்பலின் காவலில், புராணத்தில் மட்டுமே கேள்விப்பட்ட பூமியைத் தேடி விண்வெளியில் அலைகிறார்கள். 2003 டிசெம்பரில் குறுந்தொடராகத் தொடங்கிய இக்கதை 2009 மார்ச் 20 அன்று முடிவடைந்தது. இறுதியில் அவர்கள் வந்து சேர்வது நமது பூமிக்கு. ஆனால் காலம் 150,000 ஆண்டுகளுக்கு முந்தையது. தங்கள் கப்பல்கள் அனைத்தையும் சூரியனுக்குள் செலுத்தி அழித்துவிட்டு, சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, காட்டு வெளிகளில் வாழப் போகிறார்கள். முடிவைச் சொல்லாமல் முடிவைப் பற்றி விவாதிக்க வழியில்லை. இனிமேல்தான் பார்க்கவிருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: விடை சொல்ல முடியாத இடங்களில் எல்லாம் கடவுளைக் கொண்டுவந்து கதையை முடித்துவிட்டார்கள் என்பதுதானே பலருடைய குறை? உங்கள் கோபமும் அதுதானா?
– பல்கலைக்கழக மாணவி, கிளிநொச்சி

பதில்: இல்லை. அந்தக் குறையை நான் ஏற்கவில்லை. முல்லைத்தீவில் கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு கதையில் தெய்வம் வருவது குற்றமாகத் தோன்றாது. தெய்வம் கதையின் தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்ததா, அல்லது விடியும் நேரத்தில் கூத்தை முடிப்பதற்காக இழுத்துவரப்பட்டதா என்பதே கேட்கவேண்டியது. கலக்டிகாவில் அது தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. குறுந்தொடரிலேயே சைலன் பெண் ஒருத்தி பால்டர் என்ற விஞ்ஞானியிடம் கடவுளைப் பற்றிப் பேசுகிறாள். மனிதர் பல தெய்வங்களை வணங்குவதும், அவர்களால் படைக்கப்பட்ட இயந்திரங்கள் ஒரே கடவுளை நம்புவதும் கதையின் அடித்தளம். சனாதிபதி ரோஸ்லின் தம் கனவுகளையும் மறைநூல்களையும் நம்பியே கப்பல் கூட்டத்தை வழிநடத்துகிறார். பால்டருக்கு மட்டும் தெரியும் அந்தப் பெண்ணுருவம் மூளையின் மயக்கமாக இருக்கும் என்று நாமாக எண்ணிக்கொண்டு, அது உண்மையிலேயே இறைத்தூதர் என்று இறுதியில் தெரியவந்ததும் ஏமாற்றப்பட்டோம் என்று சினந்தவர்கள், தொடர் சொன்னதைவிடத் தாங்கள் விரும்பியதையே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: மகன் கொண்டுவந்த தொடரை நானும் முழுவதும் பார்த்தேன். எல்லாக் கப்பலையும் கொண்டுபோய்ச் சூரியனுக்குள் விட்டபோது எனக்கு இருக்க முடியவில்லை. எழும்பி வெளியில் போய்விட்டேன். மகனோ அதுதான் மிக அழகான இடம் என்கிறான். நீங்கள் யார் பக்கம், ஐயா?
– கமக்காரர் ஒருவர், விசுவமடு

பதில்: உங்கள் பக்கம். எனது கோபமும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

உங்கள் மகனுக்காக முதலில் அந்த முடிவின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நமது அறிவு முன்னே ஓடுகிறது, மனம் பின்தங்கி நிற்கிறது. கருவிகளோடு குடியேறினால் மறுபடியும் நகரம், மறுபடியும் இயந்திரம், மறுபடியும் அழிவு என்று சுழல்வோம். ஆகவே சுழலை இங்கே அறுப்போம் என்று கலக்டிகாவின் தளபதி அடாமாவின் மகன் லீ வாதிடுகிறான். எல்லாம் முன்பு நடந்தது, மீண்டும் நடக்கும் என்ற நம்பிக்கை தொடர் முழுவதும் ஒலிப்பதால், அந்தச் சுழலை முறிக்கும் செயல் கருத்தளவில் பொருத்தமானதே. பச்சை வெளியும் விலங்குக் கூட்டமும் அத்தனை கால இருட்டுக்குப் பின் திரையில் விரியும்போது கண்ணுக்கும் இதமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கருத்துக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்தவேண்டுமல்லவா? இடம்பெயர்ந்தவர்கள் எதை எடுத்துச் செல்வார்கள் என்பதை எழுதுமேசையில் இருந்து ஊகிக்கவேண்டிய தேவை நமக்கு இல்லை. 2008இலும் 2009இலும் இந்த மண்ணில் மக்கள் கூரை ஓட்டைக் கழற்றி ஏற்றினார்கள். கதவு நிலையைப் பெயர்த்தெடுத்தார்கள். நீரிறைக்கும் இயந்திரத்தைத் தறப்பாளில் சுற்றி லான்ட்மாஸ்டர் பெட்டியில் வைத்தார்கள். டீசல் தீர்ந்த இடத்தில் உழவு இயந்திரத்தை விட்டுச் சென்றவர்கள்கூட மண்வெட்டியை விடவில்லை. கைவிட்டது உண்டு, கைவிட வேறு வழி இல்லாதபோது கைவிட்டார்கள். தாமாக விரும்பி, ஒரு கொள்கைக்காக, மருந்தையும் இரும்பையும் எறிந்துவிட்டு நடக்க நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள் ஒரே குரலில் சம்மதித்தார்கள் என்பதை நம்புவதற்கு, இடப்பெயர்வைச் செய்தியில் மட்டும் பார்த்திருக்க வேண்டும்.

அதிலும் இது எந்த மக்கள்? நான்கு பருவங்களாக எதற்கும் ஒத்துப்போகாதவர்கள். தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் வேலைநிறுத்தம் செய்தவர்கள், தேர்தலில் மோசடி செய்தவர்கள், தலைமைக்கு எதிராகக் கலகம் செய்து அடாமாவையே சுடுவதற்கு நிறுத்தியவர்கள். அந்தக் கலகம் நடந்ததுகூட இறுதிப் பருவத்தில்தான். அப்படிப்பட்டவர்கள் இத்தனை எளிதாக உடன்பட்டது வியப்பாக இருக்கிறது என்று கதைக்குள்ளேயே ஒருவர் கேட்கிறார். புதிதாகத் தொடங்கும் ஆசையைக் குறைத்து மதிப்பிடாதே என்ற பொருளில் அடாமா ஒரு வரி சொல்கிறார். அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. எழுதியவர்களுக்கும் இந்த ஐயம் இருந்திருக்கிறது என்பதற்கு அந்த வரியே சான்று. ஒரு முழு அத்தியாயம் வேண்டிய இடத்தை ஒரு வரியால் தாண்டினார்கள். ஒரு தாய் தன் பிள்ளைக்கு மருந்து வேண்டுமென்று கப்பலை விட்டிறங்க மறுப்பதைக் காட்டியிருந்தால், நீங்கள் எழும்பி வெளியில் போயிருக்க மாட்டீர்கள், எனக்கும் கோபம் வந்திராது.

கமக்காரராகிய நீங்கள் பால்டரைக் கவனித்திருப்பீர்கள். கமக்காரத் தந்தைக்குப் பிறந்து, அந்தப் பிறப்பையும் பேச்சையும் மறைத்து, பேரறிஞனாக நடமாடிய கோழை அவன். புதிய நிலத்தில் நின்று, தனக்குப் பயிர்ச்செய்கை தெரியும் என்று சொல்லிக் குரல் உடைந்து அழுகிறான். முழுத் தொடரிலும் எனக்கு மிகப் பிடித்த இடங்களுள் அது ஒன்று. ஆனால் அந்த இடத்தையும் அதே முடிவு கெடுத்துவிடுகிறது. மனித குலம் பயிர்ச்செய்கையைத் தொடங்கிப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகள் அளவில்தான் ஆகின்றன. கதை நடப்பதோ 150,000 ஆண்டுகளுக்கு முன். அப்படியானால் பால்டரின் வயல் அவனோடோ அவன் பிள்ளைகளோடோ அழிந்து, அதன் நினைவும் இல்லாமல் போயிருக்க வேண்டும். பாலியாற்றுப் பக்கத்திலும் முத்தையன்கட்டுப் பக்கத்திலும் காட்டுக்குள் கிடந்த பழைய குளக்கட்டுகளைத் திருத்தித்தான் கடந்த நூற்றாண்டில் மக்கள் குடியேறினார்கள். முன்னே போனவர்கள் அணையையாவது விட்டுச் சென்றிருந்தார்கள். வந்தவர்களும் கோடாலியும் விதைநெல்லும் இல்லாமல் காடு வெட்டவில்லை. கலக்டிகா மக்கள் விட்டுச் சென்றது எதுவுமில்லை. அந்தத் துயரத்தை உணர்ந்து காட்டியிருந்தால் அது பெரிய முடிவாக இருந்திருக்கும். அதையே மகிழ்ச்சியான முடிவாகக் காட்டியதுதான் என் வழக்கு.

கேள்வி: இன்றுள்ள மனிதர் அனைவருக்கும் தாயானவள், கப்பல் கூட்டத்தோடு வந்த ஹீரா என்ற சிறுமியே என்று முடிப்பது விஞ்ஞானத்துக்குச் சரியா? பத்தாம் வகுப்பு மாணவர்கள் கேட்கிறார்கள்.
– ஆசிரியை, முள்ளியவளை

பதில்: பாதி சரி. உயிர்க்கலத்திலுள்ள இழைமணியின் மரபணு தாய் வழியாக மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. அதைப் பின்னோக்கித் தொடர்ந்தால் இன்றுள்ள எல்லோருக்கும் பொதுவான ஒரு பெண்ணிடம் போய்ச் சேரலாம். 1987இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, அவள் ஆபிரிக்காவில் ஏறத்தாழ 200,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்திருக்கலாம் எனக் கணித்தது. தொடரின் கால எல்லை அதிலிருந்து அதிகம் விலகவில்லை. ஆனால் அவள் முதற் பெண்ணும் அல்லள், அக்காலத்தில் வாழ்ந்த ஒரே பெண்ணும் அல்லள். மற்றப் பெண்களின் வழியில் எங்கோ ஒரு தலைமுறையில் மகள்கள் இல்லாமற் போனார்கள், அவ்வளவே. மகன்கள் வழியாக அவர்களுக்கும் இன்று வாரிசுகள் இருக்கலாம். ஆகவே, ஹீரா தாய் என்றால் மற்ற எல்லோரும் அழிந்தார்கள் என்று சில ரசிகர்கள் கொதித்ததற்கு அடிப்படை இல்லை. அவளுடைய எலும்பு தான்சானியாவில் கண்டெடுக்கப்பட்டதாக இறுதிக் காட்சியில் செய்தி வருவதுதான் அபத்தம். ஓர் எலும்பைப் பார்த்து இவளே அவள் என்று எந்த ஆய்வுகூடமும் சொல்ல முடியாது. அந்தக் காட்சியில் சஞ்சிகை படித்துக்கொண்டு நிற்பவர் தொடரை உருவாக்கிய ரொனால்ட் மூர் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள், மகிழ்வார்கள்.

ஹீராவின் தாய் ஒரு சைலன். அப்படியானால் நம் எல்லோருடைய இழைமணியும் இயந்திர வழி வந்தது என்றாகிறது. இந்தக் குறும்பை மூர் வேண்டுமென்றே செய்திருந்தால் அவரை மெச்சத்தான் வேண்டும்.

கேள்வி: இந்தத் தொடருக்காக ஐக்கிய நாடுகள் சபையில் கூட்டம் நடந்தது என்பது உண்மையா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: உண்மை. நியூயோர்க்கில் உள்ள தலைமையகத்தில், 2009 மார்ச் 17 அன்று, இறுதி அத்தியாயத்துக்கு மூன்று நாள் முன்னர் நடந்தது. அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஒல்மோசும் ரோஸ்லினாக நடித்த மேரி மக்டோனலும் அங்கு இருந்தார்கள். மனித உரிமை, போர்ச் சூழலில் சிறுவர்கள் ஆகியவை பேசப்பட்ட பொருள்களுள் அடங்கும். அந்தக் கிழமை மாத்தளன் மணலில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைப் புதுக்குடியிருப்பு வாசகருக்கு நான் எழுதவேண்டியதில்லை.

கேள்வி: போர் விமானி ஸ்டார்பக் இறந்து, திரும்பி வந்து, கடைசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமற் போகிறாள். அவள் யார் என்பதை எழுத்தாளர்களே தீர்மானிக்கவில்லை என்கிறார்களே?
– வங்கி ஊழியர், வவுனியா

பதில்: பல விடயங்களை அவர்கள் போகிற போக்கில் தீர்மானித்தார்கள் என்பது மறைவான செய்தி அன்று. சைலன்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று தொடக்க எழுத்துகள் வாரந்தோறும் அறிவித்தன. அப்படி ஒரு திட்டம் வகுக்கப்பட்டிருக்கவில்லை. மறைந்திருந்த ஐந்து சைலன்கள் யார் என்பதும் மூன்றாம் பருவம் எழுதப்படும்போதுதான் முடிவாயிற்று. போதாததற்கு 2007 நவம்பரில் தொடங்கிய எழுத்தாளர் வேலைநிறுத்தம் இறுதிப் பருவத்தை இடையில் நிறுத்தியது. பாதிப் பருவம் 2008 யூனில் முடிந்து, மீதி 2009 சனவரியில்தான் வந்தது. அத்தனை மாதம் காத்திருந்து ஊகம் செய்தவர்களுக்கும், ஒரு விடுமுறைக்குள் முழுத் தொடரையும் பார்த்து முடித்த நம் பிள்ளைகளுக்கும் முடிவு ஒரே மாதிரித் தோன்றாது. காத்திருந்தவர்கள் விடையை எதிர்பார்த்தார்கள். தொடர்ந்து பார்த்தவர்களுக்குப் பிரியாவிடை போதுமாக இருந்தது.

ஸ்டார்பக்கைப் பொறுத்தவரை, அவள் மறைவதில் எனக்கு முறைப்பாடு இல்லை. தன் உடலைத் தானே கண்டெடுத்து எரித்த ஒருத்தி, அதற்குப் பின் மற்றவர்களைப் போல வயதாகி நோயுற்று இறந்தால்தான் பொருந்தாது. அவள் தன்னையே கண்டு அஞ்சிய அந்த அச்சத்தை இறுதி மணித்தியாலங்களில் மறந்துவிட்டார்கள் என்பதே குறை. ரோஸ்லினின் மரணத்துக்குக் கொடுத்த பொறுமையில் பாதியை அவளுக்கும் கொடுத்திருக்கலாம்.

கேள்வி: அப்படியானால் நல்ல முடிவு கொண்ட அறிபுனைத் தொடர்கள் எவை?
– நூலக உதவியாளர், மாங்குளம்

பதில்: ‘பபிலோன் 5’ இன் இறுதி அத்தியாயத்தை நான்காம் பருவத்திலேயே எடுத்து வைத்துவிட்டு, 1998 நவம்பரில் ஐந்தாம் பருவத்தின் முடிவில் காட்டினார்கள், எங்கே போகிறோம் என்று அறிந்து எழுதப்பட்டது என்பது அதில் தெரியும். ஜெர்மன் தொடரான ‘டார்க்’ 2020இல் மூன்றாம் பருவத்தோடு முடிந்தது; முடிச்சுகளை அவிழ்த்த விதம் பெரும்பாலோருக்குப் பிடித்திருந்தது. எனக்குச் சற்று அதிகமாகவே அவிழ்த்துவிட்டார்கள் என்று தோன்றியது. பிரித்தானியத் தொடரான ‘பிளேக்ஸ் 7’ 1981இல் நாயகர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் சுடப்பட்டு விழ முடிந்தது. பார்த்தவர்கள் இன்னும் மன்னிக்கவில்லை, மறக்கவும் இல்லை. ‘லொஸ்ட்’ பற்றி இன்னொரு இதழில் பேசுவோம். அந்தச் சண்டைக்கு ஒரு பக்கம் போதாது.

கேள்வி: முடிவு பிழை என்று தெரிந்த பின்னும் பார்க்கலாமா?
– வாசகர், மல்லாவி

பதில்: பாருங்கள். 2003இன் குறுந்தொடரிலிருந்து தொடங்குங்கள். அதைத் தவறவிட்டு நேரே முதற் பருவத்துக்குப் போகிறவர்கள் குழம்புவார்கள். முதல் அத்தியாயமே ஐந்து நாள் உறக்கமின்றி, முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தாக்கப்படும் மக்களைப் பற்றியது. வீட்டில் போர் நாள்களின் நினைவால் இன்னும் துன்பப்படுகிறவர்கள் இருந்தால் அவர்களோடு இருந்து பார்க்கவேண்டாம். தொடர் முடிந்த பின் வந்த ‘த பிளான்’ என்ற படத்தைப் பாராவிட்டாலும் நட்டமில்லை.