வாத்தியாரைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் தலைமுறையாக வாக்கியப் பஞ்சாங்கம்தான். அது பாபிலோனிலிருந்து வந்த கணக்கு என்கிறான் கல்லூரியில் படிக்கும் பேரன். என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்! இரண்டு நாளாகத் தாத்தாவும் பேரனும் பேசிக்கொள்வதில்லை. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: பேரனுக்குத் துப்பு கொடுத்திருப்பது 248 என்ற எண்ணாகத்தான் இருக்கும். நிலா பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மறுபடி அருகே வர ஏறக்குறைய 27.55 நாள். அப்படி ஒன்பது சுற்றுக்கு 248 நாள். பிசகு 13 நிமிஷம்தான். பாபிலோன் களிமண் ஏடுகளில் இந்த 248 உண்டு. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸில் உண்டு. 6ஆம் நூற்றாண்டு வானியலாளர் வராகமிகிரரிடமும் உண்டு. உங்கள் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான, நாளுக்கு ஒன்றாக நிலாவின் இடத்தைச் சொல்லும் சந்திர வாக்கியங்களும் 248.

‘வானம் எல்லாருக்கும் பொதுதானே, தனித்தனியாகக் கண்டிருக்கலாமே’ என்பார் உங்கள் வீட்டுக்காரர். நியாயம்தான். ஆனால் தில்லியில் முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். இரண்டு பையன்கள் விடையைச் சரியாக எழுதினால் சந்தேகப்பட மாட்டேன். இருவரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பு செய்தால் பெஞ்சை மாற்றிவிடுவேன். வராகமிகிரர் எடுத்துச் சொல்லும் பழைய முறை ஒன்றில் நிலாவின் வேகம் தினமும் ஒரே அளவு ஏறி, அப்புறம் ஒரே அளவு இறங்கும். நிஜ நிலா அப்படி ஓடுவதில்லை. பாபிலோன்காரர்களும் அப்படித்தான் ஓட்டினார்கள்.

சரி, தாத்தா பக்கத்துக்கு வருவோம். அந்த 248 நாள் கணக்கையும் மனப்பாடம் செய்யும் சொற்களாக மாற்றியது தென்னாட்டார் கைவண்ணம். முதல் வாக்கியம் ‘கீர்ந ஸ்ரேய’. எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் க (வர்க்கத்தில் மூன்றாவது) 3, ந 0, ர 2, ய 1. வலமிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). நிலா முதல் நாள் நகரும் தூரம் அது. 1825இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் ஜான் வாரன் என்ற அதிகாரியின் எதிரில், தரையில் சோழி பரப்பி, அட்டவணைகளை மனத்திலிருந்தே எடுத்து, சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிஷம்தான் பிசகியது. முடிவு 52 நிமிஷம் பிசகியது என்பதையும் மறைக்கக் கூடாது!

ஆக, இருவர் பக்கமும் பாதி நியாயம். ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஜந்தர் மந்தர் வானாய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். அதைக் கட்டிய ஜெய்ப்பூர் ராஜா ஜெய்சிங், சமர்கந்து அரசர் உலூக் பேக்கின் வானியல் அட்டவணையைக் கையில் வைத்திருந்தவர். போர்ச்சுகலுக்கு ஆள் அனுப்பி, பிரெஞ்சு வானியலாளர் லா ஈரின் அட்டவணையையும் வரவழைத்தார். வானத்தோடு ஒப்பிட்டு, ‘நிலா அரைப் பாகை தப்பு’ என்று அதிலும் குறை கண்டார். காலையிலேயே போகச் சொல்லுங்கள். சாம்ராட் யந்திரம் என்ற பெரிய சூரியக் கடிகாரத்தின் நிழல் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.