ஒரு பரம்பரையலகை அடக்கப்போனால் முழுக் கலமும் ஏன் நின்றுவிடுகிறது?

இந்த முறை வந்த கேள்விகளில் மூன்று, இரட்டை இழை ஆர்.என்.ஏ.யால் பரம்பரையலகை அடக்குவது என்ற ஒரே விடயத்தைச் சுற்றியவை. அதனால் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (உயர்தர உயிரியல் மாணவி, வெள்ளவத்தை): இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைப் புழுவுக்குள் செலுத்தினால் அதோடு பொருந்துகிற பரம்பரையலகு மட்டும் அடங்கிவிடும் என்று ரியூசன் சேர் சொன்னார். மனிதக் கலத்தில் அதையே செய்தால் கலமே செத்துப்போகும் என்று ஓரிடத்தில் வாசித்தேன். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான் தங்கச்சி. உங்கள் சேர் சொன்னது 1998 இல் அன்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ குழுவினர் சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவில் கண்டது. அதற்குத்தான் 2006 இல் அவர்கள் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டைசர் என்ற நொதியம் நீண்ட இரட்டை இழையைச் சின்னத் துண்டுகளாக வெட்டும். ஆர்கோநோட் என்ற புரதம் அந்தத் துண்டின் ஒரு இழையை வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற தூது ஆர்.என்.ஏ.யை, அதாவது புரதம் செய்வதற்கான செய்தியை, தேடிப்பிடித்து அறுக்கும். செய்தி அறுந்தால் அந்தப் புரதம் இல்லை, அவ்வளவுதான்.

டைசரும் ஆர்கோநோட்டும் நம் கலங்களிலும் இருக்கின்றன. ஆனால் முலையூட்டிகளில் அவற்றை முந்திக்கொண்டு இன்னொரு கூட்டம் ஓடிவருகிறது. பல வைரசுகள் பெருகும்போது நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகும், சாதாரணக் கலத்தின் குழியவுருவில் அப்படி நீளமாக, பிசகில்லாமல் பொருந்திய இழை அநேகமாக இருக்காது, ஆகவே அதைக் கண்டதும் வைரசு வந்துவிட்டது என்றே கலம் எடுத்துக்கொள்ளும். ஒரு அறையில் புகை வந்ததும் வீட்டின் மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவது போல.

அந்த இறக்கம் எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பி.கே.ஆர். என்ற நொதியம் சுமார் 30 மூலச் சோடிகளுக்கு மேல் நீளமான இரட்டை இழையில் ஒட்டியதும் விழித்துக்கொண்டு, புரதத் தொகுப்பைத் தொடக்கிவைக்கும் இ.ஐ.எஃப்.2 என்ற காரணியில் ஒரு பொசுபேற்றைப் பூட்டிவிடும், அதோடு புரதம் செய்யும் இறைபோசோம்கள் புதிதாக எதையும் தொடங்க முடியாமல் நிற்கும், எந்தப் பரம்பரையலகு என்ற பேதமே இல்லை. இன்னொரு பக்கம் ஓ.ஏ.எஸ். என்ற நொதியங்கள் ஒரு சிறு மூலக்கூறைச் செய்து ஆர்.என்.ஏஸ். எல். என்ற வெட்டியை எழுப்பும். அது வைரசின் ஆர்.என்.ஏ.யோடு நம்முடையதையும் வெட்டித் தள்ளும். இதே நேரத்தில் குழியவுருவில் எம்.டி.ஏ.5, ரிக்-ஐ என்ற உணரிப் புரதங்களும், கலத்தினுள் இருக்கும் எண்டோசோம் பைகளில் டி.எல்.ஆர்.3 என்ற வாங்கியும் இழையை உணர்ந்து இன்டர்பெரோன் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்க வைக்கும். அது பக்கத்துக் கலங்களுக்கும் போய் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளை ஏற்றிவிடும். அதனால் உங்கள் சேர் சொன்ன 'அடங்கிவிடும்' என்பது இங்கே பாதிக் கதைதான், ஒரு பக்கம் எல்லாம் இறங்கும்போது மறுபக்கம் ஒரு பெரிய கூட்டம் ஏறுகிறது. இது நீடித்தால் கலம் தன்னையே அழித்துக்கொள்ளும்.

புழுக்கதைக்கு முப்பது வருடம் முன்பே, 1967 இல், மோரிஸ் ஹில்மனின் குழு இரட்டை இழை ஆர்.என்.ஏ. இன்டர்பெரோனைத் தூண்டும் என்று காட்டியிருந்தது. அதனால் 1998 க்குப் பிறகு முலையூட்டிக் கலத்தில் இது வேலைக்காகாது என்று பலர் நினைத்ததில் நியாயம் இருந்தது. 2001 இல் சயீதா எல்பஷீர், தோமஸ் டுஷ்ல் குழுவினர் டைசர் வெட்டுவதற்கு முன் நாமே வெட்டிக் கொடுத்தால் என்ன என்ற பாதையில் போய், 21 நியூக்கிளியோரைட்டு நீளத் துண்டுகளை மனிதக் கலங்களுக்குள் அனுப்பினார்கள். பி.கே.ஆர். பெரிதாக அசையவில்லை, குறிவைத்த பரம்பரையலகு மட்டும் அடங்கியது. அப்புறம் ஒன்று, பரீட்சைக்கு வராது, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள்: எலியின் முட்டைக் கலத்திலும் ஆரம்ப முளையத்திலும் நீண்ட இழையே புழுவில் போல வேலை செய்யும் என்று 2000 இல் காட்டினார்கள். அந்தக் கட்டத்தில் இன்டர்பெரோன் எதிர்வினை இன்னும் சரியாக எழுந்திருப்பதில்லை.

கேள்வி (ஆய்வு மாணவர், கொழும்பு 7): குறுந்துண்டு ஆர்.என்.ஏ. போட்டதும் நாங்கள் குறிவைத்த புரதம் குறைந்தது, புற்றுக் கலங்களின் வளர்ச்சியும் குறைந்தது. மேற்பார்வையாளர் இது போதாது என்கிறார். இன்னும் என்ன வேண்டும்?

பதில்: அவர் சொல்வது சரி தம்பி, கோபிக்காதீர்கள். வளர்ச்சி குறைந்தது உங்கள் பரம்பரையலகால்தானா அல்லது கலம் பயந்ததாலா என்று அந்த ஒரு முடிவை வைத்துச் சொல்ல முடியாது. 2008 இல் எலிகளின் கண்ணில் செய்த ஆய்வு ஒன்றை அவசியம் வாசியுங்கள். புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் என்று நம்பிய குறுந்துண்டுகள் தடுக்கத்தான் செய்தன, ஆனால் எதையும் குறிவைக்காத துண்டுகளும் அதே அளவு தடுத்தன, காரணம் டி.எல்.ஆர்.3. அதே குறிக்கு வெவ்வேறு வரிசையில் குறைந்தது இரண்டு துண்டுகள் போடுங்கள், இரண்டும் ஒரே விளைவைத் தர வேண்டும். எதையும் குறிவைக்காதபடி வரிசை குலைத்த துண்டும் ஒப்பீட்டுக்காகப் பக்கத்தில் ஓட வேண்டும். ஐ.எஃப்.ஐ.டி.1, ஓ.ஏ.எஸ்.1 போன்ற இன்டர்பெரோன் அடையாளங்கள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். துண்டு ஒட்டாதபடி வரிசை மாற்றிய, ஆனால் அதே புரதத்தைத் தருகிற பிரதியைக் கலத்துக்குக் கொடுத்து வளர்ச்சி மீள்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றிலும் பலமான சான்று. டி7 நொதியத்தால் ஆய்வுகூடத்திலேயே செய்த துண்டு என்றால் முனையில் முப்பொசுபேற்று இருக்கும், அதுவே ரிக்-ஐயை எழுப்பும். துண்டின் 2 முதல் 8 வரையான நியூக்கிளியோரைட்டுகள் பொருந்தினாலே வேறு செய்திகளும் அடங்கலாம், ஆகவே போடும் துண்டின் செறிவையும் முடிந்தவரை குறையுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை): கொலஸ்ட்ரோலுக்கு வருடத்துக்கு இரண்டு ஊசி போதும், அது ஆர்.என்.ஏ. மருந்து என்று லண்டனில் இருக்கும் மகன் சொல்கிறான். பரம்பரையலகை மாற்றிவிடுமா? மேலே சொன்ன அபாயம் இதிலும் வருமா?

பதில்: மாற்றாது ஐயா. மகன் சொல்வது இன்கிளிசிரான். அது இரட்டை இழைதான், ஆனால் குறுகியது. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தின் செய்தியை ஈரலில் அறுக்கும், கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.யைத் தொடாது. அந்தப் புரதம் குறைந்தால் ஈரல் கெட்ட கொலஸ்ட்ரோலை அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆய்வுகளில் அது கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. முதல் ஊசி, 3 மாதத்தில் இரண்டாவது, பிறகு 6 மாதத்துக்கு ஒன்று. நிறுத்தினால் விளைவு மெல்ல மறையும். இழையின் இரசாயனத்தைக் கொஞ்சம் மாற்றியிருப்பதால் நிர்ப்பீடனக் காவலாளிகள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை, கூடவே ஒரு சர்க்கரைக் கொழுவி அதை ஈரலுக்கே கொண்டுபோகிறது. இந்த வகையில் முதல் மருந்து பற்றிசிரான், ஒரு அரிய நரம்பு நோய்க்காக 2018 இல் அனுமதி பெற்றது. உங்களுக்கு இந்த ஊசி தேவையா, இப்போது போடும் குளிசையே போதுமா என்பதை உங்கள் இரத்த அறிக்கையைப் பார்க்கும் வைத்தியரிடம் கேளுங்கள், குளிசையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.