ஹோலோகிராம் போட்டி: முதலில் விளக்கைச் சரிசெய்யுங்கள்

வணக்கம் ஐயா. கிருஷ்ணகிரியில் நீங்கள் நடத்தும் ஹோலோகிராம் போட்டியில், அதாவது லேசர் ஒளியால் ஒரு பொருளின் முப்பரிமாண உருவத்தைத் தகட்டில் பதிக்கும் போட்டியில், விலை கூடிய லேசர் வைத்திருப்பவரே பரிசைத் தட்டிச் செல்கிறார், மாணவர்கள் மனம் வெதும்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். லேசருக்கு விலை வரம்பு வைத்தால் ரசீதை யார் சரிபார்ப்பது? தகட்டின் அளவை எல்லோருக்கும் ஒன்றாக்குங்கள், போதும்.

பெரிய அநியாயம் நடுவர் மேசையில்தான் நடக்கிறது. டியூப் லைட்டின் கீழ் நல்ல ஹோலோகிராமும் மங்கிக் குழம்பும். அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை எல்லாத் தகடுகளுக்கும் பயன்படுத்துங்கள். ஒளி விழவேண்டிய கோணத்தையும் பக்கத்தையும் செய்தவரே குறித்துத் தரட்டும். தகட்டைத் திருப்பி வைத்துவிட்டால் பித்தளைப் பிள்ளையாரின் தொப்பை குழியாகத் தெரியும். பாவம், செய்த பிள்ளை என்ன செய்வான்! லேசர் ஒளியில் மட்டும் தெரியும் தகடுகளுக்குத் தனிப் பிரிவு வையுங்கள்.

சிவப்பு லேசரில் பதித்த உருவம் பச்சையாகத் தெரிந்தால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். கழுவி உலர்த்தும்போது தகட்டின் மேல் உருவம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் சுருங்குவதால் அப்படி ஆகும். தலையை இடவலமாக அசைத்துப் பார்த்து, ஆழத்துக்கும் தெளிவுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.

அரங்கிலேயே செய்துகாட்ட வேண்டும் என்ற விதியை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். 650 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அலைநீள லேசரில், பதிவின்போது பொருள் 160 நானோமீட்டர் நகர்ந்தாலே உருவம் கெட்டுவிடும். நெடுஞ்சாலையில் லாரி ஓடும் ஊரில் பகலில் அது நடக்குமா? வீட்டில் நள்ளிரவில் பதிக்கட்டும். சொந்த வேலைதானா என்ற ஐயம் வராதிருக்க, படமாக்கிய பொருளையும் தகட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.